முப்பத்தைந்தில் நின்ற கோடு

மீன் எப்போது வரும் என்று வாரா வாரம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஐந்து வாரமாகக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி நிற்கிறது, அதற்குள் தண்ணீர், மணல், பாறை தவிர ஒன்றும் இல்லை என்றால் யாருக்கும் பொறுமை போகத்தான் செய்யும். ஆனால் கடல் தொட்டி வாங்கிய அன்றே மீன் விடுகிற சமாச்சாரம் இல்லை. பாறையின் பொந்துகளில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறி, கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கப் பழக வேண்டும். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும். அதற்குமுன் மீன் விட்டால் நம் கண்ணெதிரேயே செத்து மிதக்கும்.

இந்த வீட்டில் அந்த ஒன்றரை மாதத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக அதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரி, கடல் உயிர்களை ஆராய்கிற கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவள். விரலை நனைத்து நாக்கில் வைத்தே உப்பு இத்தனை என்று சொல்லிவிடுவாள். கருவி அப்புறமாக ஆமாம் போடும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் மீட்டரம்மா. போன வருடம் சோதனைக் குப்பிகளில் பெயர்ச் சீட்டுகளை மாற்றி ஒட்டினாள். ஒரு தடவை என்றால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள், நாலு தடவை நடந்தது. வேலையை விட்டாள். மண்டையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மறதி நோயின் ஆரம்பம், இது கூடும், குறையாது என்றார்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் ஓட வேண்டிய உத்தியோகம். பகலில் மனைவி தனியாகத்தான் இருந்தாக வேண்டும். ஒரே மகள் வேறு ஊரில் பிசியோதெரபிஸ்ட். வயது முப்பத்து மூன்று, வீட்டில் பெயர் இன்னும் பாப்பா. அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது மீட்டரம்மா ஒரு பந்தயம் கட்டினாள்.

"ஒரு கடல் தொட்டி வெச்சு, நானே பார்த்து நிலைநிறுத்தறேன். ஒரு பிசகு வந்தாலும் உன்கூட வந்துடறேன். வரலேன்னா என்னை என் வீட்டுல விடு."

மகள் ஒத்துக்கொண்டாள். இன்று முப்பத்தொன்பதாவது நாள், சனிக்கிழமை. கடைசிச் சோதனை.

காலை ஐந்தரைக்கு லிஃப்ட்காரர் எழுந்தார். படுக்கை கிறீச்சிடாமல் எழுவதற்கு இப்போது நன்றாகப் பழகியிருந்தார். கூடத்துக்கு வந்து உப்புமானியை எடுத்தார். சாண் நீளக் குழல் அது. முனையில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பு. கடலுக்கு முப்பத்தைந்து, அதாவது லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம். கோடு அதைத் தாண்டி முப்பத்தாறைப் பார்த்து நகர்ந்திருந்தது.

ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு வாளியில் இறக்கினார். ஐந்து லிட்டர் வெளியே எடுத்து, வடிகட்டிய நல்ல தண்ணீர் ஐந்து லிட்டர் ஊற்ற வேண்டும். பாதி வாளி நிரம்பியிருக்கும், வாசல் கதவில் சாவி திரும்பியது.

மகள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ராத்திரி பஸ் பிடித்து ஆறு மணிக்கே வந்து நிற்கிறாள். அவருக்குக் கை நழுவிக் குழாய் வாளியை விட்டுத் துள்ளி, தரையெல்லாம் கடல் தண்ணீர்.

"என்னப்பா பண்றீங்க?"

"தரை துடைக்கலாம்னு."

"கடல் தண்ணியிலயா?"

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய்க்குள் இறங்கக் கூடாது. அவர் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார். மகள் பையை இறக்கிவைத்தாள். முதலில் துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா தொட்டியை நீங்க எதுக்குத் தொடறீங்க?"

"சத்தம் போடாதே. ஏழு மணிக்குத்தான் எழுந்துக்குவா." படுக்கையறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தினமும் அஞ்சு லிட்டர் தண்ணி ஆவியாப் போகுது. தண்ணிதான் போகும், உப்பு போகாது, அதனால நல்ல தண்ணிதான் ஊத்தணும். இது எனக்குச் சொல்லிக் குடுத்ததே உங்கம்மாதான். இப்ப அவளே உப்பு கரைச்சு ஊத்தறா."

"ஏன்?"

"கேட்டேன். அவ முதல்ல சேர்ந்த லேப்ல தினமும் அடியில அழுக்குத் தண்ணியைத் திறந்து விடுவாங்களாம். அதுக்குப் பதிலா உப்புத் தண்ணி ஊத்துவாங்களாம். இங்க நாம எதையும் திறந்து விடலயேன்னு சொன்னேன். புதுசா வந்தவன் பேசாம இருன்னுட்டா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "தொட்டி முன்னாடி போய் நின்னா அவளுக்கு இருபத்திரண்டு வயசாயிடுது பாப்பா."

"எத்தனை நாளா?"

"பத்தொன்பது நாளா."

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஏறும்போது அவளுக்கு இருந்த ஆசை அம்மா ஜெயிக்க வேண்டும் என்பதுதான். அதை யாரும் நம்ப மாட்டார்கள், அவளே பாதிதான் நம்பினாள். ஏனென்றால் நாளை சாயங்காலத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவே."

"அம்மா எழுதற பரீட்சைக்கு நீங்க உட்கார்ந்து பதில் எழுதியிருக்கீங்க."

"ஆமா. முப்பத்தாறு வருஷமா என் தப்பையெல்லாம் அவதானே திருத்தினா. பத்தொன்பது நாள் நான் திருத்தினா அது குத்தமா?"

"தொட்டின்னா பரவாயில்லப்பா. நாளைக்கு அது அடுப்பா இருந்தா? நீங்க ஒரு லிஃப்டுக்குள்ள தொங்கிட்டு இருக்கற நேரமா இருந்தா?"

ஆறு பேரை ஏற்றுகிற லிஃப்டின் எடை கொண்டது இந்தத் தொட்டி, மூன்றாவது மாடித் தளம் தாங்குமா என்று பார்த்துப் பார்த்து இரும்புத் தாங்கி அடித்தவர் அவர். எந்தச் சுமைக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். இப்போது மகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். வாளியை இழுத்து வைத்து, மிச்ச வேலையை முடித்தார். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார். நல்ல தண்ணீரை ஊற்றினார். கோடு முப்பத்தைந்துக்கு வந்து நின்றது.

"மீன் வாங்கற வரைக்கும் சொல்லாதே. ஒரே ஒரு தடவை அவ சந்தோஷமா அந்த மீனை விடட்டும். அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ."

மகள் சரி என்று தலையாட்டினாள். தப்பு என்று தெரிந்துதான் ஆட்டினாள்.

ஏழு மணிக்கு மீட்டரம்மா எழுந்து வந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எப்ப வந்தே பாப்பா? பஸ்லயா? ராத்திரி பூரா காலை மடக்கிட்டே உட்கார்ந்திருப்பே. ஊருக்கெல்லாம் முட்டி பார்க்கறவ உன் முட்டியைப் பார்க்க மாட்டே."

அன்று அவள் தெளிவாக இருந்தாள். சில நாள் அப்படி அமையும், அதுதான் இந்த நோயில் மனிதரை ஏமாற்றுகிற இடம். தலையை இழுத்து முடிந்துகொண்டு, கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்தாள். தொட்டித் தண்ணீரை அளந்து ஊற்றி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டாள். மூடியைத் திருகிக் குலுக்கினாள். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

"மஞ்சள்," என்றாள் குப்பியை வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்து. "பச்சையே இல்ல. கழிவோட விஷம், அம்மோனியா, பூஜ்யம்."

நைட்ரைட் என்கிற இன்னொரு கழிவு விஷத்தைக் காட்டுகிற அடுத்த குப்பி ஊதாவாக மாறாமல் வானநீலத்திலேயே நின்றது. அதுவும் பூஜ்யம். தொட்டி நிலைத்துவிட்டது.

லிஃப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூசி," என்றார் யாரும் கேட்காமலே.

"கடை பத்து மணிக்குத் திறப்பான். கோமாளி மீன் ஒரு ஜோடி. சின்னதா வாங்கணும், அதுங்க இங்கயே வளரட்டும்," என்று சொல்லிவிட்டு மீட்டரம்மா மகளின் கன்னத்தைத் தட்டினாள். "தோத்துட்டியா? வா, என் நோட்டைப் பாரு. சும்மா சொன்னா நம்ப மாட்டே. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம். ஆய்வுக்கூடத்துப் பழக்கம் அது. மகள் பக்கத்தில் உட்கார, அவள் முன்பக்கங்களிலிருந்து அங்கங்கே வாசிக்க ஆரம்பித்தாள்.

"மூணாம் நாள். வெப்பம் இருபத்தஞ்சு. உப்பு முப்பத்தஞ்சு. குறைஞ்சதுக்கு நல்ல தண்ணீர் அஞ்சு லிட்டர்." பக்கத்தைத் திருப்பினாள். "ஒன்பதாம் நாள். மணல் மேல பழுப்புப் பாசி. பயப்பட வேண்டாம்னு எழுதியிருக்கேன் பாரு, உங்கப்பாவுக்காக. பதினேழாம் நாள். பாறைலருந்து நூல் மாதிரி கை நீட்டிட்டு ஒரு குட்டி நட்சத்திர மீன் எட்டிப் பார்த்துச்சு, பாறையோட ஒட்டி வந்தது."

"போதும்மா, டீ ஆறுது," என்றார் லிஃப்ட்காரர்.

"இருங்க. இருபதாம் நாள். உப்பு முப்பத்தஞ்சு. உப்பு நீர் அஞ்சு லிட்டர்."

சட்டென்று குரல் நின்றது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதற்கடுத்ததைத் திருப்பினாள். வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணால் மட்டும் ஓட்டினாள். திருப்புகிற வேகம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் மேசையைத் தடவி ஒரு பென்சிலை எடுத்து, நேற்றைய பக்கத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். கணக்கில் அம்மா தப்பு செய்ய வேண்டும் என்று மகள் வேண்டிக்கொண்டாள்.

"அஞ்சு லிட்டர்ல நூத்து எழுபத்தஞ்சு கிராம் உப்பு. பத்தொன்பது நாளைக்கு மூணு கிலோவுக்கு மேல. முந்நூறு லிட்டர் தொட்டி." பென்சிலை வைத்தாள். "இந்நேரம் நாற்பத்தாறுக்குப் போயிருக்கணும். அந்த நட்சத்திரம் செத்திருக்கணும். எப்படி முப்பத்தஞ்சுலயே நிக்குது?"

லிஃப்ட்காரர் டீத் தம்ளரைத் தள்ளிவைத்தார்.

"எழுதினது எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா கையெழுத்து என்னுதுதான்." கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "எடுத்தது யாரு?"

"எனக்கென்ன தெரியும். நான் லிஃப்டு ரிப்பேர் பண்றவன்."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். அவ்வளவுதான், சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். "லேப்ல ஒருத்தன் அளவைத் திருத்தி எழுதினான். அவனை என்ன பண்ணேன் தெரியும்ல?"

"அன்னிக்கே வெளிய அனுப்பினே."

"நீங்க அதுக்கும் மேல. எழுத்தைத் தொடல, தண்ணியையே திருத்தியிருக்கீங்க. நான் தொட்டி வெச்சேன்னு நினைச்சேன். நான் எதுவும் வைக்கல. நீங்கதான் வெச்சிருக்கீங்க."

"அப்படிச் சொல்லாதே. அந்த அஞ்சு லிட்டரைத் தவிர மத்த எல்லாமே நீ பண்ணது."

"அந்த அஞ்சு லிட்டர்தாங்க தொட்டி."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தான் மறந்துபோகிறோம் என்பது அவளுக்குத் தெரியும், டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் மறந்ததையே மறந்துவிட்டு, சரியாகத்தான் செய்கிறோம் என்று நிம்மதியாக இருந்திருக்கிறோம் என்பதை அவள் இன்றுதான் தன் கையெழுத்திலேயே படித்தாள். அதைத் தாங்குவது எந்த மனுஷிக்கும் கஷ்டம்.

தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "தினமும் எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"

"அஞ்சரை."

"முதுகு வலிக்குது முதுகு வலிக்குதுன்னீங்களே, இதுக்குத்தானா?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மகளையும் கிட்டே இழுத்தாள்.

"ரெண்டு பேரும் எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க. இனிமே எனக்குத் தெரியாம என்னைத் திருத்தக் கூடாது. தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். எனக்குக் கஷ்டமா இருக்கும், இருக்கட்டும். எது நிஜம்னு உங்களைக் கேட்டுத்தான் நான் தெரிஞ்சுக்கணும் இனிமே. நீங்களே மாத்திச் சொன்னா நான் யாரைப் போய்க் கேட்பேன்?"

"சத்தியமா," என்றார் லிஃப்ட்காரர்.

"சத்தியமாம்மா," என்றாள் மகள்.

"அப்ப நான் பாப்பாவோட போறேன். பேச்சுன்னா பேச்சுதான்."

வாதாட வந்தவளுக்கு எதிராளியே இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? மகள் அம்மாவின் தோளில் சாய்ந்து தேம்பினாள். "நீ ஜெயிக்கணும்னுதான்மா பஸ் ஏறினேன்," என்றாள். "தெரியும்டி," என்றாள் அம்மா. டிக்கெட் எடுத்துவைத்ததையும் மகள் சொல்லிவிட்டாள். இப்போதுதானே சத்தியம் செய்திருக்கிறாள், மறைக்க முடியுமா? அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலோரமா என்று மட்டும் கேட்டாள்.

"தொட்டி உங்க பொறுப்பு," என்று கணவரிடம் திரும்பினாள். "மீன் வாங்கி விட்டுடுங்க. ஒண்ணுமே விடாம வெச்சா பாறைல இருக்கறதெல்லாம் பட்டினி கிடந்து செத்துடும். எல்லாம் எழுதித் தர்றேன்."

புதுத் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். அப்பாவும் மகளும் சமையலறைக்குப் போய் நின்றார்கள். ஆறிப்போன டீயைச் சூடு பண்ணுகிற சாக்கு.

"நீங்களும் வந்துடுங்கப்பா. ஒன்றரை வருஷம்தானே, விட்டுடுங்க."

"உன் வீட்டுல இருக்கறது ரெண்டு ரூம்."

"அதை நான் பார்த்துக்கறேன்."

அவர் டீ பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு அந்த ஊரில் பகலெல்லாம் என்ன செய்வது என்பது அவர் கவலை. மனைவி இல்லாத இந்த வீட்டுக்கு ராத்திரி எப்படித் திரும்புவது என்பது அதைவிடப் பெரிய கவலை. இரண்டையும் மகளிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"எழுதிட்டேன். வாங்க," என்று குரல் வந்தது.

மீட்டரம்மா முகம் கழுவியிருந்தாள். தாளில் எண் போட்டு வரிசையாக, அச்சு மாதிரி எழுத்து. அவர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"மடிக்காதீங்க. படிச்சுக் காட்டுங்க. எங்க லேப்ல வாய்விட்டுப் படிச்சுக் காட்டாம யாரையும் தொட்டிகிட்ட நான் விட்டதில்ல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் படித்தார். மகள் அவருக்குப் பின்னால் நின்று தோள் வழியே பார்த்தாள்.

"ஒண்ணு. விளக்கு காலைல ஒன்பதுக்குப் போட்டு சாயங்காலம் ஆறுக்கு அணைக்கணும். ரெண்டு. வெப்பம் இருபத்தஞ்சு. இருபத்தேழைத் தாண்டினா மின்விசிறியைத் தொட்டிப் பக்கமாத் திருப்பி வைக்கணும். மூணு."

மூன்றாவது வரி இப்படி இருந்தது: தினமும் குறைகிற தண்ணீருக்குப் பதிலாக உப்பு நீர் ஐந்து லிட்டர் ஊற்றவும்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மனைவி எதிரே நின்று, பள்ளிக்கூட வாத்தியார் போலத் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த முகம், இப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"மூணு. தினமும் குறையற தண்ணிக்குப் பதிலா நல்ல தண்ணி அஞ்சு லிட்டர் ஊத்தணும்," என்று படித்தார்.

"உப்பு?"

"உப்பு கூடவே கூடாது."

"அதேதான். புதுசா வர்றவங்க எல்லாரும் கோட்டை விடற இடம் அது. அதனாலதான் அடிக்கோடு போட்டிருக்கேன்," என்றாள் மீட்டரம்மா திருப்தியாக.

மீதி வரிகளையும் அவர் படித்து முடித்தார். குரல் ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் என்று சற்று முன்னால் எழுதினேன், அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சத்தியம் செய்து முழுதாக அரை மணி நேரம் ஆகியிருக்கவில்லை.

மீட்டரம்மா அவர் கையிலிருந்து தாளை வாங்கினாள். மகளைப் பார்த்து நீட்டினாள்.

"அப்பா வேலைக்குப் போற நாள்ல போன்ல நீதான் ஞாபகப்படுத்தணும். நீயும் ஒரு தடவை படி பாப்பா. மூணாவதைக் கொஞ்சம் சத்தமா."

மகள் தாளை வாங்கிக்கொண்டாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காத்திருந்தாள்.